மஞ்சள் மிதவைக்கு இந்தப் பக்கம்

மீன்பிடிக்கத் தடை உள்ள பவளப்பாறைக் கடலின் எல்லையில் மஞ்சள் மிதவைகள் வெயிலில் ஆடுகின்றன. அவற்றுக்கு ஒரு முழம் வெளியே நிற்கிறது படகு. ஏழு வருடமாக இங்கே மூழ்கி மீன்களை எண்ணுகிறவள், படகின் விளிம்பைப் பிடித்தபடி தலையைத் தூக்குகிறாள். படகின் தளத்தில் உதடு கிழிந்த களவா மீன் கிடக்கிறது. செவுள் திறந்து மூடுகிறது. நீருக்குள் அவள் கணக்குக் குறிக்கும் எழுதுபலகையைத் தட்டினால் தேடி வந்து, கன்னத்தை வருடக் கொடுக்கும் மீன். அதை அவளேதான் பூரிப்போடு இந்தப் படகுக்கார மீனவரிடம் சொல்லியிருந்தாள். "நீங்க சொன்ன மாதிரியே தட்டினேம்மா. பெத்த பிள்ளைகூட இப்படி ஓடி வராது!" அவர் கெட்டவர் அல்லர், வலையில் ஆமை சிக்கினால் வலையையே அறுத்து அதை விடுவிக்கிறவர். "மிதவைக்கு இந்தப் பக்கம்தானே பிடிச்சேன், தப்பில்லையே?" "தப்பில்லண்ணே," என்கிறாள். அவர் முகம் மலர்கிறது. "நீங்க பழக்கின மீனு. தலை உங்களுக்குத்தான்," என்று கத்தியைத் துடைக்கிறார். அலை அவளைத் தூக்குகிறது. இடுப்பில் கட்டிய எழுதுபலகை படகில் மோதுகிறது: டக், டக். களவாவின் கண் மெல்ல அந்தப் பக்கம் திரும்புகிறது.