சப்வூஃபர் மாப்பிள்ளை

கலைச்செல்வன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நாணயத்தைச் சப்வூஃபர் பெட்டியின் மேல் நெட்டுக்குத்தாக நிறுத்தினான். அடிச்சத்தம் கூட்டும் பாஸ் குமிழைத் திருகினான். சன்னல் கிர்ரென்றது, நாணயம் அப்படியே நின்றது.

"காசு விழுவல, பாத்தியா? பொட்டி ஆடுனா சத்தம் கெட்டுப்போவும். இது ஆடவே இல்ல."

"பொட்டி கெடக்குது. வூடு ஆடுதா, அதச் சொல்லு" என்றாள் அம்மா குஞ்சம்மாள்.

"சன்னல் ஆடுது. பாத்திரம் இன்னும் ஆடல."

"அப்பன்னா இன்னுங் கொஞ்சம் வையி."

மகன் சத்தமாகப் பாட்டு வைத்தால் திட்டாத தாய், அரியலூர் வட்டாரத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அன்றைக்கு வெற்றிச்செல்வி வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். பெண்ணைக் கோயிலில் வைத்துப் பார்த்தாகிவிட்டது; பிடித்தும்விட்டது. வருகிறவர்கள் கை நனைத்தால், அதாவது உட்கார்ந்து ஒரு வாய் சோறு சாப்பிட்டால், சம்பந்தம் முடிவு. பிடிக்காவிட்டால் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

இதற்கு முன் இரண்டு வீட்டார் அப்படித்தான் எழுந்தார்கள். இரண்டு தடவையும் வடை பாயசத்தைத் தாயும் பிள்ளையும் முகம் பார்க்காமல் தின்று தீர்த்தார்கள்.

மாப்பிள்ளைக்கு மின்வாரியத்தில் வேலை. குடிப்பதில்லை. தலையில் முடிகூட இருக்கிறது. அப்புறம் என்ன குறை என்று ஊரே யோசித்தது. யோசிப்பது ஊருக்குச் செலவில்லாத வேலை. கலைச்செல்வன் யோசிக்காமல் போய்ச் சப்வூஃபர் வாங்கி வந்தான்.

சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து கார் வந்து நின்றது. பெண்ணின் அம்மா சிந்தாமணியும் தாய்மாமன் உத்திராபதியும் இறங்கினார்கள். உத்திராபதி மைக்செட் வைத்திருப்பவர். இதைத் தரகர் சொல்லவில்லை; சொன்னால் அவர் தரகரே இல்லை.

உட்கார்ந்த வேகத்தில் உத்திராபதி எழுந்தார்.

"பாட்ட நிறுத்துங்க மாப்ள. பாட்டுல எல்லாப் பொட்டியும் நல்லாத்தான் இருக்கும். வெறும் பாஸ் ஒன்னு போடுங்க."

கலைச்செல்வன் செல்போனிலிருந்து ஓர் ஒற்றை உறுமலை ஓடவிட்டான். உத்திராபதி பெட்டிமுன் குந்தினார். விரல் முட்டியால் பக்கவாட்டில் தட்டினார். சாமி படத்திலிருந்து ஊதுபத்தியை உருவி மூட்டு இடுக்குகளில் காட்டினார். புகை நேராகவே போனது. குடிக்கக் கொடுத்த தண்ணீர் டம்ளரைப் பெட்டிமேல் வைத்து உற்றுப் பார்த்தார். தண்ணீர் அசையவில்லை.

"ப்ளைவுட்டா?"

"ஆமாங்க. முக்கா இஞ்சு. உள்ள குறுக்குச் சட்டம் குடுத்துருக்கு."

"ம். பொட்டி பேசல. பேசக் கூடாது. ஸ்பீக்கர்தான் பேசணும்."

பெண் பார்த்த அன்று வெற்றிச்செல்வியைக்கூட யாரும் இத்தனை சோதிக்கவில்லை.

"அண்ணே, நாம வூட்டப் பாக்க வந்தமா, பொட்டியப் பாக்க வந்தமா?" என்றாள் சிந்தாமணி.

"இரு சிந்தாமணி. மாப்ள, இத அணைங்க. கொஞ்சம் பேசணும்."

கலைச்செல்வன் அம்மாவைப் பார்த்தான். குஞ்சம்மாள் குறுக்கே வந்தாள். "அது பாட்டுக்கு ஓடட்டுங்க. புள்ள ஆசப்பட்டு வாங்குனது."

"பேசுறது கேக்கலியே."

"கேக்கும், கேக்கும்" என்று குஞ்சம்மாள் கத்தினாள். அது அவருக்குக் கேட்டது.

தூரத்தில் எங்கோ சங்கு ஊதியது. கலைச்செல்வன் பாஸைக் கடைசிவரை திருகினான். உத்திராபதி எட்டி, பெட்டிமேல் இருந்த டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

தரை குலுங்கியது. அலமாரியில் எவர்சில்வர் பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. மேலேயிருந்து ஒரு பிடி காரை உதிர்ந்து சிந்தாமணியின் பட்டுப்புடவையில் விழுந்தது.

"பாஸு எப்புடிங்க?" என்றான் கலைச்செல்வன். அவன் குரலும் குலுங்கியது.

 உத்திராபதி டம்ளரில் இருந்த தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு தானே கையை நீட்டிச் சுவிட்சை அணைத்தார்.

வீடு அமைதியானது. தண்ணீர் குடித்தாகிவிட்டது. குஞ்சம்மாள் செருப்புகள் கிடந்த வாசலைப் பார்த்தாள். வழியனுப்பி வைப்பதில் அவளுக்குப் பழக்கம் இருந்தது.

உத்திராபதி தங்கையின் தோளிலிருந்த காரையைத் தட்டிவிட்டார். சிந்தாமணி அவரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"எலையப் போடுங்கம்மா" என்றார் அவர்.

குஞ்சம்மாள் இலை எடுக்க ஓடினாள். கலைச்செல்வன் உத்திராபதியின் கையைப் பிடித்துக்கொண்டான். "பொட்டி அவ்ளோ புடிச்சிருச்சுங்களா மாமா?"

உத்திராபதி அவன் காதருகே குனிந்தார்.

"எங்க ஊர் குவாரியிலயும் தெனம் சங்கு ஊதி வெடிதான் மாப்ள; இல்லாட்டி பொண்ண வூட்டுக்குக் கூப்புட்டுக் காட்டாம, கோயில்ல வச்சா காட்டியிருப்போம்?"