எச்.டி. பெட்டி

படம் மங்கல் என்று பழைய டிவியைத் தள்ளிவிட்ட தையல்காரர், புதுசும் மங்கலாகவே இருக்க, கேபிள்காரரைப் போனில் பிடிபிடியென்று பிடித்து வரவழைத்திருக்கிறார். எச்.டி. பெட்டியை மாட்டி, ஒயரைச் செருகி, ரிமோட்டை அழுத்துகிறார் கேபிள்காரர். “அடேயப்பா! நியூஸ் வாசிக்கிறவளோட புருவ முடியைக்கூட எண்ணிடலாம் போலிருக்கே!” என்று வாயைப் பிளக்கிறாள் மனைவி. தையல்காரர் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்க்கிறார். அதே மூட்டம். “இப்பத் தெளிவாத் தெரியுதாண்ணே?” என்று கேட்கிறார் கேபிள்காரர். “கண்ணாடி மாதிரி இருக்கு தம்பி.” மெஷின்மேல் பாதி தைத்த வெள்ளைச் சட்டை ஜன்னல் வெயிலில் கிடக்கிறது. மனைவி திரையை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்க்கிறாள். பிறகு சட்டையில் குத்தியிருக்கும் ஊசியை எடுத்து, அவர் கேட்காமலே நூலைக் கோத்து, அவர் கையில் வைக்கிறாள்.