காணாமல் போன ஏழாம் அதிகாரம்

"ஏனுங்க பாலகோபால், ஆறு வரைக்கும் வந்திருக்குது, எட்டும் ஒம்பதும் வந்திருக்குது. ஏழாவது அதிகாரம் எங்கீங்க?"

காந்திபுரத்து அச்சகத்தின் வாசற்படியை மிதிக்கும்போதே இஸ்ரவேல் வாத்தியார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

அச்சக முதலாளி தலையைச் சொறிந்தார். "எட்டையும் ஒம்பதையும் நானே டைப் அடிச்சனுங்க. ஏழு, இங்க டைப் அடிக்கற லோகப்பிரியா கையில இருக்குதுங்க. திங்கக்கிழமை சாயங்காலம் ஊட்டுக்குப் போன புள்ள மூணு நாளா வரலீங்க. போனும் எடுக்கறதில்லீங்க."

"அதையும் நீங்களே அடிச்சிருக்கலாமுல்ல?"

"உங்க கையெழுத்துத் தாளையே எடுத்துட்டுப் போயிருச்சுங்களே!"

வாத்தியாரிடம் இருந்தது அந்த ஒரே பிரதி. ஜெராக்ஸ் எடுத்து வைக்கச் சொன்ன மனைவியிடம், 'முப்பது வருசம் பரீட்சைப் பேப்பரையே தொலைக்காதவன் நான்' என்று வீறாப்புப் பேசியவர் அவர்.

அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிஷப் கையால் வெளியீடு. ஆரோன் போதகரின் வாழ்க்கை வரலாறு. அவிநாசிப் பக்கத்துக் கிராமங்களில் முப்பது வருஷம் சைக்கிள் மிதித்து ஊழியம் செய்த மனிதர். அவரைப் பற்றி ஒரு புத்தகம்கூட இல்லையே என்று வாத்தியார் ஐந்து வருஷம் அலைந்து, கேட்டு, எழுதினார். அதில் ஏழாம் அதிகாரம்தான் உயிர்.

"அதே அவிநாசிப் பக்கம் தோட்டங்காடு இருக்கற ஊட்டுப் புள்ள. நம்ம போதகர் கதைன்னா இளக்காரம். அவங்க சாமியைப் பத்தின புத்தகமா இருந்தா இப்படிப் பண்ணுவாளா? பழைய பேப்பரோட எடைக்குப் போட்டிருப்பா!"

பாலகோபாலும் அந்த 'அவங்க சாமி' ஆள்தான். சங்கடமாகச் சிரித்து வைத்தார்.

அப்போதுதான் லோகப்பிரியா உள்ளே வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. பையிலிருந்து தாள்களை எடுத்து நீட்டினாள். ஓரத்தில் டீக்கறை.

"ஏன் அம்மணி, கொஞ்சமாவது பொறுப்பிருக்குதா உனக்கு?"

"தப்புத்தானுங்க சார். டைப் அடிக்க உக்காந்தனுங்க. ரெண்டாவது பக்கத்துக்கு மேல கை ஓடலீங்க. பஸ்ஸுல இன்னொருக்காப் படிக்கலாம்னு பையில போட்டுட்டுப் போனனுங்க."

"என் கையெழுத்து புரியலையா?"

"நல்லாப் புரிஞ்சுதுங்க சார். அதுதானுங்க வினை."

அந்த அதிகாரம் இதுதான். எந்த ஊருக்குப் போனாலும் ஆரோன் போதகர் முதலில் கூலிக்காரர் தெருவுக்குப் போவார். அவர்கள் பானையில் மொண்டு, அவர்கள் டம்ளரில் தண்ணீர் குடிப்பார். 'அங்க குடிச்ச வாய்க்கு எங்க டம்ளர் கிடையாது' என்பார்கள் பெரிய வீட்டுக்காரர்கள். 'இருக்கட்டுங்க' என்று கும்பிட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறுவார். சித்திரை வெயிலிலும் அப்படித்தான்.

"எங்க தோட்டத்துல களையெடுக்க நாலு பேரு வருவாங்க சார்," என்றாள் லோகப்பிரியா. "எங்களுக்கு எவர்சில்வர் டம்ளர். அவங்களுக்குக் காயிதக் கப்பு. கழுவற வேலை மிச்சம்னு சொல்லிக்குவோமுங்க. எதுக்குன்னு எங்களுக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும்."

"சரி?"

"செவ்வாய்க்கிழமை காலைல அவங்களுக்கும் எங்க டம்ளர்லயே டீ ஊத்திக் குடுத்துப்போட்டனுங்க. அத்தை பாத்துட்டாங்க. நாலு டம்ளரையும் தூக்கிச் சாக்கடைல வீசிட்டாங்க. நான் ஆக்குன சோத்தை யாரும் தொடலீங்க. எங்க ஊட்டுக்காரரு மொகங்குடுத்துப் பேசலீங்க. உங்கப்பனூட்டுக்கே போயிருன்னு சொல்லி, போனையும் வாங்கி வெச்சுக்கிட்டாங்க. வேலைக்கும் விடலீங்க."

வாத்தியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபம் எந்த வழியாகப் போனதென்று அவருக்கே தெரியவில்லை.

"அப்பறம் என்ன பண்ணுனே கண்ணு?"

"எனக்கு வாதாடத் தெரியாதுங்க சார். உங்க தாளைச் சத்தமாப் படிச்சனுங்க. தெனமும் சாயங்காலம். மொத நாளு அத்தை எந்திரிச்சுப் போயிட்டாங்க. ரெண்டா நாளு கதவுக்குப் பொறகால நின்னாங்க. நேத்து பக்கத்துல வந்து உக்காந்து, 'அந்த மனுசன் தாகத்தோட சைக்கிள் ஏறுன எடத்தை மறுக்காப் படி'ன்னாங்க."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"இன்னைக்குக் காலைல களையெடுக்கறவங்களுக்கு அத்தையே டீ ஊத்துனாங்க சார். எங்க டம்ளர்ல. அவங்க குடிச்சு வெச்சதைக் கழுவி, அதுலயே தானும் ஊத்திக் குடிச்சாங்க."

வாத்தியாருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உயிரோடு இருந்தபோது ஆரோன் போதகருக்குப் பெரிய வீடுகளில் ஒரு டம்ளர் தண்ணீர் கிடைக்காத ஊர். செத்து நாற்பது வருஷம் கழித்து, நாலு தாளில் ஏறி அந்த வீட்டு அடுக்களைக்குள்ளேயே போய்விட்டாரே மனிதர்!

"கர்த்தாவே!" என்றார்.

"எங்களுக்கு இத்தனை வருசம் ஆச்சுங்க," என்றாள் லோகப்பிரியா. "உங்க ஊட்டுலயெல்லாம் இந்த வேத்துமை எப்பவோ போயிருக்கும். இல்லாட்டி இப்படி எழுத வருமுங்களா சார்?"

வாத்தியார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு மணி நேரத்துல டைப் அடிச்சு மெஷின்ல ஏத்திரலாமுங்க," என்றார் பாலகோபால். "ஆரம்பிச்சுரட்டுங்களா?"

வாத்தியார் எழுந்தார். வண்டிச் சாவியைத் தேடி எடுத்தார்.

"கொஞ்சம் இருங்க. ஆர்.எஸ்.புரம் வரைக்கும் போயிட்டு வந்தர்றேன். எங்க ஊட்டுல பாத்திரம் தேய்க்கற நஞ்சம்மாளுக்குன்னு, பதினோரு வருசமா பின்பக்க ஜன்னல்ல ஒரு தனி டம்ளர் இருக்குது. அதை எடுத்துப்போட்டு வாரேன். அந்த ஜன்னலோரம் உக்காந்துதானுங்க இந்த ஏழாவது அதிகாரத்தை எழுதுனேன்."