முறை தெரியாத ஊர்

"அம்மா, மீனைத் திருப்பாதே!"

யோகேஷ் போட்ட சத்தத்தில் பச்சையம்மாளின் கையிலிருந்த கரண்டி நழுவியது. பிச்சாட்டூர் ஏரியிலிருந்து காலையில் வந்த மீன், முழுசாகப் பொரிந்து தட்டில் கிடந்தது.

"கருகின பக்கம் மேல கீதுடா. வர்றவங்க இன்னா நெனைப்பாங்க?"

"பரவால்லம்மா. அவங்க ஊர்ல தட்டுல வெச்ச மீனைத் திருப்ப மாட்டாங்க. ஆத்து ஜனம். மீனைத் திருப்பினா படகு கவுந்துடும்னு பயம்."

கூடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த சிட்டிபாபு செருமினார். அவர் பச்சையம்மாளின் அண்ணன். "நம்ம வூட்டு மீனை நாம திருப்பக் கூடாதா? நல்லா கீதுடா ஞாயம்!"

ஸ்ரீ சிட்டி தொழிற்சாலையில் வேலை பார்க்கும் யோகேஷ், பயிற்சிக்காகச் சீனாவில் ஃபோஷான் என்ற ஊருக்குப் போனான். வேலையைக் கற்றுக்கொண்டு வந்தான். மனசை மட்டும் அங்கே மெய்லினிடம் விட்டுவிட்டு வந்தான். இன்று அவளும் அவள் அப்பா லியாங்கும் தமிழும் தெலுங்கும் புழங்கும் நகரியில் இருக்கும் இந்த வீட்டுக்கே சாப்பிட வருகிறார்கள். "எங்க அண்ணன் வாயால சரின்னு வந்தா எனக்கும் சரி" என்று பச்சையம்மாள் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாள். அண்ணனோ மசிகிற ஆள் இல்லை.

அப்பா முனிகிருஷ்ணன் இந்த விஷயத்தில் வாயே திறக்கவில்லை. ஒரு மாதமாக, தறி நின்றதும் போனை எடுத்துக்கொண்டு தறிக்கொட்டகைக்குள் போய்விடுவார். கேட்டால், "பழைய பாட்டு கேக்கறேன்" என்பார். பிள்ளையின் கல்யாணம் அந்தரத்தில் தொங்கும்போது பாட்டு ஒரு கேடா என்று யோகேஷுக்கு எரிச்சலாக வரும்.

"அப்படி இன்னாதான்டா கீது அந்த ஊர்ல?" சிட்டிபாபு விசாரணையை ஆரம்பித்தார்.

"ஆறு கடல்ல சேர்ற எடம் மாமா. எங்க பாத்தாலும் தண்ணி. குளம் வெட்டி மீன் வுடுவாங்க, கரையில முசுக்கொட்டைச் செடி வைப்பாங்க. இலையைப் பட்டுப்பூச்சி துன்னும், பூச்சி எச்சத்தை மீன் துன்னும், குளத்துச் சேறு செடிக்கு எரு. அப்போலேர்ந்து பட்டு யாவாரம்."

"பட்டு நம்மகிட்ட இல்லியா?"

"ஐநூறு வருஷமா நெருப்பு அணையாத சூளை ஒண்ணு கீதுன்றாங்க. இப்ப டைல்ஸு, ஃபேனு, ஃப்ரிட்ஜுன்னு ஊரே ஃபேக்டரி. சிங்க வேஷம் கட்டி ஆடுறதுல அவங்கதான் பேர்போனவங்க."

"கங்கம்மா ஜாத்திரையில நாம கட்டாத வேஷமா? ஊரு பெருசா இருந்தா ஆச்சா? முறை தெரியாத ஜனம்டா அது!"

முனிகிருஷ்ணன் மெல்ல வாயைத் திறந்தார். "மச்சான் சொல்றது கரெக்டுதான். ஒண்ணு பண்ணலாம். வர்றவருக்கு வாழையிலையில சோறு போடுவோம். துன்னு முடிச்சு எலையைத் தன் பக்கம் மடிச்சா ஒறவு வேணும்னு அர்த்தம். அந்தப் பக்கம் மடிச்சா சாவு வூட்டு முறை. அப்டி மடிச்சார்னா இந்தப் பேச்சே வேணாம்."

சிட்டிபாபுவின் முகம் மலர்ந்தது. "சரே! தன் பக்கம் மடிச்சுட்டா நானே தட்டு மாத்தறேன். இது என் வாக்கு."

மீன், தேநீர், வணக்கம் என்று எல்லாம் யோசித்த யோகேஷ் இலையை மறந்துவிட்டான். மெய்லினுக்கு ஒரு வார்த்தை அனுப்பலாம் என்று போனைத் தொட்டான்.

"அதை இப்டி குடு," என்று சிட்டிபாபு பிடுங்கிக்கொண்டார்.

பெற்ற அப்பாவே குழி பறித்துவிட்டாரே என்று யோகேஷ் பொருமினான்.

விருந்தாளிகள் வந்தார்கள். லியாங் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். பேசியதெல்லாம் சீன மொழி. அதை மெய்லின் பாதி இங்கிலீஷிலும், பாதி யோகேஷிடம் கற்றுக்கொண்ட தெலுங்கிலும் சொல்லிக்கொண்டிருந்தாள். சிட்டிபாபு அவள் பக்கத்திலேயே காவல் மாதிரி உட்கார்ந்துவிட்டதால் யோகேஷால் ஜாடைகூடக் காட்ட முடியவில்லை.

லியாங் கையால் பிசைந்து சாப்பிட்ட அழகில் ரசம் முழங்கை வரை ஓடியது. சிட்டிபாபு மீசையைத் தடவிக்கொண்டார். மீனின் மேல்பக்கம் தீர்ந்ததும் முனிகிருஷ்ணன் அதைத் திருப்பாமல், நடுமுள்ளைப் பதமாகத் தூக்கி எடுத்துவிட்டு அடிப்பக்கத்தைப் பரிமாறினார்.

சாப்பாடு முடிந்தது. லியாங்கின் கை இலைக்குப் போனது. யோகேஷ் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"அடேங்கப்பா!" என்றது மாமாவின் குரல்.

கண்ணைத் திறந்தான். எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து, லியாங் இலையைத் தன் பக்கமாக அழகாக மடித்து வைத்திருந்தார்.

சிட்டிபாபு குனிந்து இலையையே பார்த்தார். பிறகு தொடையில் ஓங்கித் தட்டினார். சொன்ன சொல் மாறுகிற மனுஷர் இல்லை அவர். "யாரும் சொல்லாமலே மடிச்சார் பாத்தியா? முறை தெரிஞ்ச ஜனம்மா! மூஞ்சியைப் பாத்தப்பவே நெனைச்சேன். பச்சை, தட்டை எடுத்துனு வா!"

பச்சையம்மாள் அழுதாளா சிரித்தாளா, அவளுக்கே தெரியவில்லை. யோகேஷுக்குத் தரையில் கால் பாவவில்லை. மெய்லின் தலைகுனிந்து சிரித்தாள். சிட்டிபாபு தன் கையாலேயே அவளுக்கு மைசூர்பாகு ஊட்டிவிட்டார்.

கை கழுவப் போன லியாங்கையும் கூடப் போன அப்பாவையும் தட்டு மாற்றக் கூப்பிடலாம் என்று யோகேஷ் பின்கட்டுக்கு ஓடினான். தண்ணீர்த் தொட்டியருகே லியாங் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, முனிகிருஷ்ணனின் காதோரம் குனிந்தார்.

"சம்பந்தி, எலை மடிச்சது கரெக்டா கீதா?" என்றார் தட்டுத்தடுமாறி, நகரித் தமிழில்.

"ஷ்ஷ்! போன்ல சொல்லிக்குடுத்த மாதிரியே பண்ணிட்ட. மெதுவா பேசுய்யா, மச்சான் காதுல வுழப் போவுது!" என்றார், ஒரு மாதமாகத் தறிக்கொட்டகையில் 'பழைய பாட்டு' கேட்டுக்கொண்டிருந்த அப்பா.