செவ்வந்தி அணில் போட்ட வரிசை

செவ்வந்தின்னு ஒரு அணில் பொண்ணு, எந்தெந்தக் காலேஜ் வேணும்னு வரிசையா எழுத உக்காந்தா. ஃபீஸுக்கும் மழைக்காலச் சாப்பாட்டுக்கும் சேத்து வீட்டுல ஒரே பொந்து கடலைதான். எங்க வீட்டுக் கடலையையும் ஒரு அணில் தூக்கிட்டுப் போச்சு, அது கெடக்கட்டும்.

"பக்கத்துக் காலேஜை முதல்ல போடுடி, அதுதான் நிச்சயமா கிடைக்கும்"னா அம்மா.

"முதல்ல போட்டா அதையே குடுத்துருவாங்கம்மா. ஆசைப்பட்டது மேல இருக்கட்டும், பக்கத்துக் காலேஜ் கடைசியில இருக்கட்டும்."

பக்கத்துக் கிளை ஓணான் அவ எழுதினதை எட்டிப் பாத்துச் சிரிச்சான். "பேர்பெத்த ஆலமரத்துக் காலேஜைக் காணோமே?"

"அங்க இடம் கிடைக்கும் மாமா. ஃபீஸுக்கு எங்கம்மா வாலத்தான் விக்கணும்."

முடிவு வந்தப்ப, ரெண்டாவதா எழுதினது கிடைச்சுது. மழைக்காலத்துக்குக் கடலையும் மிஞ்சிச்சு. என்ன சமத்துப் பொண்ணு பாரு.

அன்னிக்குச் சாயங்காலமே ஓணான் மகளைக் கூட்டிட்டு வந்து நின்னான். "இவளுக்கும் கொஞ்சம் எழுதிக் குடும்மா."