மூச்சுத் திணறும் கார்

மதுரையிலிருந்து வந்த ஃபிட்டர் காரின் பானெட்டைத் தூக்கியதும் டிரைவர் கருத்தக்கண்ணன் இரண்டடி பின்வாங்கினான்.

"உத்தமபாளையத்துக்கே ரெண்டு காரு. எங்கண்ணன் காரு பறக்குது, நம்ம காரைக் குமுளி மலையில மாட்டு வண்டி முந்துது! இவுக ஃபிட்டரே வேணாம்னாக. நாந்தான் ஆள் விட்டேன்" என்றார் முதலாளியம்மா ராக்கம்மாள், புருஷனைக் கைகாட்டி.

"காத்து பத்தலம்மா. கார்புரேட்டர்ல காத்துக்கு வழிவிடுற தகடு முழுசாத் தெறக்கல. என்னமோ தடுக்குது."

தடுப்பது எது என்று கருத்தக்கண்ணனுக்குத் தெரியும். போன மாதம் மலை வளைவில் ஒரு லாரி உருண்டு கிடந்ததைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்கு வேகம் என்றாலே குலை நடுங்கும். தகட்டைத் திறக்கும் கம்பிக்கு அடியில் புளியங்குச்சியைச் சீவிச் செருகியவன் அவன்தான். பிடிபட்டால் வேலை போகும். முதுகுத் தோலும் உரியும்.

முதலாளி சீனிச்சாமி வேறு வேர்க்க விறுவிறுக்க அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். அந்தக் கோபம் தன்மேல்தான் பாயப் போகிறது என்று நினைத்தான் இவன்.

ஃபிட்டர் கையை விட்டுக் குச்சியை உருவினார். "இந்தா, ஒண்ணு." மறுபடியும் கையை விட்டார். "இது ரெண்டாவது."

ரெண்டாவதா?

இறுக மடித்துச் செருகிய ஜரிகைத் துணி. கருத்தக்கண்ணன் முதலாளியின் தோளைப் பார்த்தான். துண்டின் ஒரு முனையில் ஜரிகைக் கரை கிழிந்திருந்தது.

"எவன் பார்த்த வேலை இது?" என்று கத்தினார் ராக்கம்மாள்.

"கம்பெனிக்காரன் வச்சதுதான்!" என்று பாய்ந்து வந்தார் முதலாளி. "ரெண்டையும் இருந்த எடத்துலயே வச்சு மூடுய்யா!"