மசூடி வெட்டிய மரங்கள்

தையல்காரர் மசூடியின் இரண்டு உள்ளங்கைகளும் கொப்பளித்துக் கிடந்தன. ஊர்க்கூட்டத்தில் கையை விரித்துக் காட்டச் சொன்னார்கள். பள்ளிப் பிள்ளையைப் போல அவரும் விரித்துக் காட்டினார்.

ஊசி பிடிக்கிற கை கோடரி பிடித்தால் இப்படித்தான் ஆகும் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. மிஷி முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மசூடி அவளுடைய அப்பா. கிடோனிக் கழிமுகத்தின் அலையாத்திக் காட்டைப் பற்றித்தான் அவள் மொம்பாசாவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சேற்றுக்கு மேலே தலைநீட்டி மூச்சு விடுகிற வேர்களைக்கூட மிதிக்காதீர்கள் என்று வீடு வீடாக ஏறி இறங்கிச் சொன்னவள் அவள். மரத்தில் கை வைக்கக் கூடாது என்ற ஊர்க்கட்டுப்பாடும் அவளால் வந்ததுதான்.

காட்டை ஊரின் பொறுப்பிலேயே விடலாமா என்று பார்த்துப் போக அடுத்த வாரம் அதிகாரிகள் வரவிருந்தார்கள். கழிமுகத்தில் தான் கன்று நட்டு வைத்திருந்த ஆய்வுத் திட்டை அவர்களுக்குக் காட்டவேண்டும் என்றுதான், மழைக்காலம் முழுவதும் ஆய்வேட்டோடு மொம்பாசாவில் கிடந்தவள் அன்று காலை பேருந்தில் வந்து இறங்கினாள். இறங்கியதுமே காதில் விழுந்தது, அப்பா மரம் வெட்டிப் பிடிபட்ட செய்தி.

காவலுக்குப் போயிருந்த நசோரோ நடந்ததைச் சொன்னான். விடியற்காலையில் வெட்டுச் சத்தம் கேட்டுப் போனானாம். மசூடி ஓடவில்லையாம். சாட்சிக்காக நாலு கட்டைகளை ஒரே தோளில் தூக்கிக்கொண்டு அவரையும் கூட்டி வந்தானாம். அதற்கு மேல் கேட்டதற்கெல்லாம் அவன் வார்த்தையை மென்று விழுங்கினான்.

எதற்காக வெட்டினீர்கள் என்று தலைவி தௌசி கேட்டார். விறகுக்கு என்றார் மசூடி. ஒற்றை ஆள் சமையலுக்கு இத்தனை மரமா என்றதற்கும் விறகுக்குத்தான் என்றார்.

தௌசி ஓரக்கண்ணால் மிஷியைப் பார்த்தார். முதல் தடவைதானே, கண்டித்து விட்டுவிடலாம் என்றார். பலரும் தலையாட்டினார்கள். தன் முகத்துக்காக ஆடிய அந்தத் தலைகளைத்தான் மிஷியால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றாள்.

"என் பாபான்னு பாக்காதீங்க. போன வருஷம் ரெஹேமா அத்தை ரெண்டு கிளை ஒடிச்சதுக்கே சேத்துல எறக்கிக் கன்னு நட வெச்சோம். இவருக்கு அதுக்கும் மேல வேணும்."

அவள் சொன்னபடியே தீர்ப்பானது. அடுத்த மழை வரும்வரை கடையைத் திறக்கக் கூடாது. தினமும் கழிமுகத்தில் இறங்கிக் கன்று நடவேண்டும். மசூடி சரியென்றார். கலைந்து போகும்போது மகளின் அருகில் வந்து, காலையில் ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்டார். மிஷி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடல்நீர் வடிந்ததும் சேதத்தைப் பார்க்க நசோரோவோடு போனாள். தன் ஆய்வுக் கன்றுகளை அலை பிடுங்கிக்கொண்டு போகாமலிருக்க, ஓடையின் வாயில் மண்மூட்டைகளை அடுக்கி ஓர் அணை கட்டிவிட்டுப் போயிருந்தாள். அந்த அணையைக் காணோம். மூட்டைகள் கரையில் குவிந்து கிடந்தன. உள்ளே பெரிய மரங்கள் நின்ற இடத்தில் அடிக்கட்டைகள்தாம் இருந்தன. ஒவ்வொன்றிலும் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கறுப்புக் கோடு தெரிந்தது. அதைக் கவனிக்கிற நிலையில் அவள் இல்லை.

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, நடவுக்கு வந்த பெண்களுக்கு நடுவே மசூடி குனிந்து கன்று நட்டுக்கொண்டிருந்தார். வழுக்கி ஒரு கை ஊன்றி எழுந்தார்.

"என்ன தையக்காரரே, சேத்துக்கு அளவெடுக்கிறீங்களா?" என்றாள் ஒருத்தி. அவரும் சேர்ந்து சிரித்தார்.

மிஷிக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தச் சிரிப்பு எதற்கு? கொஞ்சமாவது வெட்கம் இருந்தால் ஒரு மனிதருக்குச் சிரிப்பு வருமா?

"வெட்டுன மரத்தப் படகுல ஏத்த என் அணையையும் பிரிச்சுப் போட்டிருக்காரு பாருங்க," என்றாள் நசோரோவிடம். இனி இந்த ஊரில் யார் வீட்டு வாசலில் போய்க் காட்டைப் பற்றிப் பேசுவது என்று கேட்டாள். ஆள் பார்க்காமல் பிடித்துக் கொடுத்ததற்கு அவனுக்கு நன்றி சொன்னாள். அவருடைய மகள் என்று சொல்லிக்கொள்ளவே அசிங்கமாக இருக்கிறது என்றும் சொன்னாள்.

நசோரோவின் முகம் செத்துப்போனது. தூரத்தில் மசூடி நிமிர்ந்து அவர்களைப் பார்த்தார். வேண்டாம் என்பது போல நசோரோவைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்.

"சொல்ல மாட்டேன்னு அவருக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்," என்றான் நசோரோ. பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"அவர் வெட்டினது செத்த மரத்த, மிஷி. தண்ணியத் தேக்கி, வேர மூச்சுமுட்ட வெச்சுக் கொன்னது உன் அணை."